ரீலோடிங்குக்குத் தோட்டாக் கூடு தேர்ந்தெடுப்பது எப்படி?

போன சனிக்கிழமை பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் எங்கள் டிராப் கிளப்புக்கு ஒரு தம்பி வந்தார். வேலைக்காக அமெரிக்கா வந்து இரண்டு வருடம் ஆகிறது, ஷாட்கன் துப்பாக்கி வாங்கி ஆறு மாதம். கையில் மளிகைக்கடைப் பை நிறைய காலித் தோட்டாக் கூடுகள். என் வண்டியின் பின்பக்கத்தில் அவற்றைக் கொட்டிவிட்டு, "அண்ணா, ரீலோடிங் மெஷின் வாங்கிட்டேன். கூடும் முந்நூறு சேர்த்துட்டேன். எல்லாம் 12 கேஜ், முக்கால்வாசி சிவப்பு. இனிமே வெடிமருந்தும் ஈயமும் வாங்கினா போதும்ல?" என்றார்.

நான் அந்தக் குவியலிலிருந்து இரண்டு சிவப்புக் கூடுகளை எடுத்தேன். கத்தியால் இரண்டையும் வாயிலிருந்து அடிவரை நெடுக்காகப் பிளந்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் சுவர் மேலே மெல்லிசாகத் தொடங்கி, கீழே போகப் போகத் தடித்து, புனல் மாதிரி சரிந்து, பொறி தரும் பிரைமர் உட்காரும் குழிவரை ஒரே வழவழப்பாக இறங்கியது. இன்னொன்றில் சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன். அடியில் மட்டும் தனியாக ஒரு வளையம் செருகியிருந்தது. வெளியே இரண்டும் ஒரே நீளம், ஒரே சிவப்பு, அடியில் ஒரே மஞ்சள் உலோகம். "ஒரே அளவு மருந்தை இந்த ரெண்டுலயும் போட்டா ரெண்டும் ஒரே மாதிரி வெடிக்குமா?" என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அந்த முந்நூறில் அவருக்குத் தேறியது நூற்றுச் சொச்சம்தான். அவருக்கு நான் காட்டிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தோட்டாவை வீட்டில் நிரப்பத் தொடங்குபவர்கள் மருந்தைப் பற்றியும் மெஷினைப் பற்றியும் மாதக் கணக்கில் யோசிக்கிறார்கள். கூட்டைத் தரையில் கிடைத்தபடி பொறுக்கிக்கொள்கிறார்கள். நடக்க வேண்டியது நேர்மாறாக. முதலில் கூட்டை முடிவு செய்யுங்கள். மருந்து, பிரைமர், வாட் எல்லாம் அதன் பின்னால் தானாக வரிசை கட்டும்.

தொடங்கும் முன்

ஷாட்கன் தோட்டாவில் ஐந்து பொருள்கள். வெளிக்கூடு, அடியில் நெருப்புப் பொறி தரும் பிரைமர், அதன்மேல் மருந்து, மருந்துக்கும் ஈயத்துக்கும் நடுவே வாட் என்னும் பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணத்துக்குள் ஈயக் குண்டுகள். கடைசியில் கூட்டின் வாயை மடித்து மூடுகிறோம், அதற்குக் கிரிம்ப் என்று பெயர். சுட்டபின் கையில் மிஞ்சுவது கூடும் செத்த பிரைமரும் மட்டும். அந்தக் கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் ரீலோடிங்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால் கட்டாயம் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் உண்டு, உங்கள் மாநிலத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் நிலைமையே வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருந்தபடி இதைப் படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 1: கேஜ், நீளம்

இது சுலபமான படி. உங்கள் துப்பாக்கிக் குழலின் பக்கவாட்டில் கேஜும், சேம்பர் எனும் தோட்டா உட்காரும் அறையின் நீளமும் பொறித்திருக்கும். ஒரு பவுண்டு ஈயத்தைச் சரிசமமாக 12 உருண்டைகளாகப் பிடித்தால் ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் 12 கேஜ் குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மி.மீ. அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கிறது. 20 கேஜ் 12ஐவிடச் சிறியது, 28 இன்னும் சிறியது. 410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அது அங்குல அளவு.

டிராப், அதைப் போலவே தட்டுச் சுடும் ஸ்கீட், இரண்டுக்கும் 12 கேஜில் 2¾ அங்குலக் கூடுதான் வழக்கம், அதாவது 70 மி.மீ. இந்த நீளம் வாய் திறந்த நிலையில் எடுக்கும் அளவு. நிரப்பி மடித்த தோட்டா இதைவிடக் குட்டையாக இருக்கும். இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. 3 அங்குலத் தோட்டா, மடித்த நிலையில், 2¾ அங்குல சேம்பருக்குள் இடிக்காமல் போய் உட்கார்ந்துவிடலாம். சுடும்போது அதன் வாய் விரிய இடம் இருக்காது, அழுத்தம் ஏறிவிடும். பொறுக்கிய கூடுகளில் 3 அங்குலம் கலந்திருந்தால் அளவுகோல் வைத்துப் பிரித்து எடுத்துவிடுங்கள்.

20 கேஜ் கூடுகள் அமெரிக்காவில் மஞ்சள் நிறத்தில் வருகின்றன. 20 கேஜ் தோட்டா தவறுதலாக 12 கேஜ் குழலுக்குள் போனால் வழுக்கிக்கொண்டு முன்னே போய்ச் சிக்கிக்கொள்ளும். பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். ஆகவே உங்கள் மேசையில் மஞ்சளும் மற்ற நிறமும் ஒரே டப்பாவில் இருக்கவே கூடாது. உங்களிடம் இருப்பது 12 கேஜ் மட்டும் என்றால் மஞ்சள் கூட்டை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள்.

படி 2: உள்ளே எட்டிப் பாருங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ஒரு சின்ன டார்ச், அரை அங்குலத் தடிமனுள்ள ஒரு மரக்குச்சி, ஒரு பென்சில், இவ்வளவும் போதும்.

டார்ச் அடித்துக் கூட்டின் உள்ளே பாருங்கள். இரண்டு பெரிய குடும்பங்கள் தெரியும்.

முதல் குடும்பம், உட்புறம் சரிந்து இறங்கும் கூடுகள். பிளாஸ்டிக் கட்டியை அழுத்தி, சுவரும் அடியும் ஒன்றாகவே வரும்படி செய்தவை. அடிப்பக்கம் தடிமனாக இருப்பதால் உள்ளே இடம் குறைவு. ரெமிங்டனின் எஸ்டிஎஸ், நைட்ரோ 27, கன் கிளப் ஆகியவை இப்படிப்பட்டவை. வின்செஸ்டரின் ஏஏ 1965இல் வந்தபோது இப்படித்தான் ஒரே துண்டாக இருந்தது. பிறகு வந்த ஏஏ கூடுகளில் அடியில் தனியாக ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகுகிறார்கள், ஆனாலும் உட்புறச் சரிவு பழையபடியே.

இரண்டாவது குடும்பம், சுவர் நேராக இறங்கும் கூடுகள். பிளாஸ்டிக் குழாயை நீளமாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, அடியில் ஒரு அடைப்பை வைத்து, வெளியே உலோகத் தொப்பியால் இறுக்கியவை. அந்த அடைப்பை பேஸ் வாட் என்பார்கள். பிளாஸ்டிக்கில் செய்ததும் உண்டு, இறுக்கிச் சுருட்டிய காகிதத்தில் செய்ததும் உண்டு. ஃபெடரல் கோல்ட் மெடல், செடைட், ஃபியோக்கி, ரியோ எல்லாம் நேர்சுவர்க் கூடுகள். இவற்றில் உள்ளே இடம் அதிகம். ஆனால் எவ்வளவு அதிகம் என்பது பேஸ் வாட்டின் உயரத்தைப் பொறுத்தது, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு ரகங்களுக்கு நடுவிலும் மாறும்.

இப்போது மரக்குச்சி. சுட்ட கூட்டின் உள்ளே குச்சியை அடிவரை விட்டு, கூட்டின் வாய் வரும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த கூட்டில் விடுங்கள். கோடு அதே இடத்தில் வந்தால் இரண்டின் ஆழமும் ஒன்று. கோடு வாய்க்கு மேலே நின்றால் இதன் அடைப்பு உயரம், அல்லது அடைப்பு தளர்ந்து மேலே வந்திருக்கிறது. எந்தக் காரணமாக இருந்தாலும் அந்தக் கூடு உங்கள் கூட்டத்தைச் சேர்ந்தது இல்லை. அந்தத் தம்பியின் குவியலில் இந்த ஒரு சோதனையிலேயே நாற்பதுக்கு மேல் தனியாகப் போயின.

உள்ளே இருக்கும் இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? மருந்து எரியும்போது கிடைக்கும் இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். 12 கேஜ் 2¾ அங்குலத் தோட்டாவுக்கு அமெரிக்காவில் துப்பாக்கி, தோட்டாக்களுக்குத் தர அளவு வகுக்கும் சாமி (SAAMI) அமைப்பு சொல்லும் உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. அச்சில் வரும் ரீலோடிங் அட்டவணைகளில் நல்ல டார்கெட் லோடு (தட்டுச் சுடுவதற்கான சேர்மானம்) சில அந்த உச்சத்துக்கு மிகவும் பக்கத்திலேயே இருக்கும். நேர்சுவர்க் கூட்டுக்கு எழுதிய அளவைச் சரிவுக் கூட்டில் போட்டால் அந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும். எதிர்ப்பக்கமும் கெடுதல்தான். சரிவுக் கூட்டுக்கான வாட்டை அகலமான நேர்சுவர்க் கூட்டில் போட்டால் அது வாயுவைச் சரியாக அடைக்காது. தோட்டா பலவீனமாகப் போகும், மருந்து முழுதாக எரியாது, கிரிம்ப் உள்ளே குழிந்துகொள்ளும்.

படி 3: அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்

மருந்துக் கம்பெனிகள், ஹாட்ஜ்டன், அலையன்ட் போன்றவை, தங்கள் அட்டவணைகளை இலவசமாகவே தருகின்றன. அவற்றைத் திறந்தால் முதல் பிரிவே கேஜ், அடுத்த பிரிவு கூட்டின் பெயர். அதற்குக் கீழேதான் பிரைமர், வாட், மருந்து, ஈயத்தின் எடை எல்லாம் வரும். அதாவது உங்கள் கூட்டின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அதற்கு உங்களிடம் கணக்கே இல்லை. "இதுவும் அது மாதிரிதான் இருக்கு" என்று பக்கத்துக் கூட்டின் கணக்கை எடுத்துப் போடாதீர்கள். அட்டவணையில் இருக்கும் ஐந்து பொருளும் ஒன்றாகச் சோதித்த ஒரு சேர்மானம். பிரைமரை மட்டும் மாற்றினால்கூட அழுத்தம் மாறும். ஃபெடரல் 209ஏ பிரைமர் மற்றவற்றைவிடச் சூடானது என்று எல்லா ரீலோடர்களுக்கும் தெரியும்.

அப்படியானால் எதை எடுப்பது? புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு என் பதில் ஒன்றுதான்: ரெமிங்டன் எஸ்டிஎஸ் குடும்பம் அல்லது வின்செஸ்டர் ஏஏ. இரண்டில் ஒன்று, இரண்டும் வேண்டாம்.

ரெமிங்டனை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் அது ஒரே துண்டு. அடைப்பு தளரும் கவலை கிடையாது. வாயின் மடிப்பு ரேகைகள் ஆழமாகப் பதிந்திருக்கும். புதுக்கையிலும் கிரிம்ப் அழகாக விழும். எஸ்டிஎஸ் பச்சை, நைட்ரோ தங்க நிறம், கன் கிளப் பச்சை. உள்ளளவு மூன்றுக்கும் ஒன்றே. கன் கிளப்பின் அடித்தொப்பி மட்டும் பித்தளை அல்ல, முலாம் பூசிய இரும்பு. காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். இரும்பு விரிந்தால் பழைய அளவுக்குச் சுருக்குவது பித்தளையைவிடக் கடினம், ஈரத்தில் துருவும் ஏறும். ஆனால் விலை குறைந்த தோட்டா என்பதால் கிளப்புகளில் ஏராளமாகக் கிடைக்கும். கன் கிளப்பில் பழகிக்கொண்டு எஸ்டிஎஸ்ஸுக்குப் போனவர்கள் நிறையப் பேர்.

ஏஏ கூட்டின் பலம் அதற்கு எழுதப்பட்ட கணக்குகளின் எண்ணிக்கை. எந்த மருந்து கையில் இருந்தாலும் ஏஏவுக்கு ஒரு கணக்கு கிடைத்துவிடும். புது ஏஏவில் அடைப்பு தனித்துண்டு என்பதால் ஒவ்வொரு முறையும் உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

கோல்ட் மெடல் நல்ல கூடுதான். ஆனால் ஃபெடரல் தன் கூடுகள் பலவற்றில் காகித அடைப்பு வைத்தது. ஈரத்தில் கிடந்தது என்றால் அது ஊறிவிடும், பலமுறை சுட்டால் கருகி அரிக்கும். ஃபெடரலின் டாப் கன் கூட்டைக் கோல்ட் மெடல் என்று நினைத்து அதே கணக்கில் நிரப்பாதீர்கள், இரண்டும் ஒன்றல்ல. முழுக் காகிதக் கூடும் ஃபெடரல் செய்கிறது. சுட்டதும் வரும் அந்த மெழுகு வாசனைக்காகவே அதை விரும்பும் பெரியவர்கள் எங்கள் கிளப்பில் இருக்கிறார்கள். எனக்கும் அந்த வாசனை பிடிக்கும், ஆனால் முதல் கூடாக அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆயுள் குறைவு.

செடைட், ஃபியோக்கி பற்றிப் பலர் கேட்பார்கள், மலிவாகக் கிடைக்கிறதே என்று. செடைட் பிரான்ஸிலும் இத்தாலியிலும் ஆலை உள்ள கம்பெனி. அதன் கூட்டை வாங்கித் தங்கள் பெயரை அச்சிட்டு விற்கும் தோட்டாக் கம்பெனிகள் பல. எனவே வெளியே இருக்கும் பெயரை வைத்து உள்ளே என்ன கூடு என்று சொல்ல முடியாது. பிரைமர் விஷயம் ஒன்றும் இருக்கிறது, அதற்கு ஐந்தாவது படியில் வருகிறேன். ஒரு வருடம் பழகியபின் இவற்றைத் தொடலாம்.

அடித்தொப்பியின் உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். உயரமான உலோகம் உள்ள கூடு வலுவானது என்று ஒரு நம்பிக்கை காகிதக் கூட்டுக் காலத்திலிருந்து வருகிறது. இன்றைய பிளாஸ்டிக் கூட்டில் அந்த உயரம் பெரும்பாலும் பார்வைக்குத்தான்.

வாயிலுள்ள மடிப்பை எண்ணிக்கொள்ளுங்கள். டார்கெட் கூடுகளில் எட்டு மடிப்பு, வேட்டைத் தோட்டாக்களில் பெரும்பாலும் ஆறு. ஆறு மடிப்புக் கூட்டை எட்டு மடிப்பு அச்சில் வைத்து அழுத்தினால் வாய் கசங்கிப்போகும். உங்கள் பிரஸ், அதாவது நிரப்பும் மெஷின், மெக் கம்பெனியுடையது ஆனாலும் லீயுடையது ஆனாலும், மடிப்புக்கேற்ற அச்சு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: கூடுகளைச் சேர்ப்பது

எனக்குப் பிடித்த வழி மெதுவானது. நீங்கள் முடிவு செய்த ரகத்தில் புதுத் தோட்டா நாலைந்து பெட்டி வாங்குங்கள். பெட்டிக்கு 25, டிராப்பில் ஒரு சுற்றும் 25. சுடுங்கள், ஒவ்வொரு கூட்டையும் அதே பெட்டியில் திருப்பி வையுங்கள். நூறு கூடு சேர்ந்தால் அந்த நூற்றின் வரலாறும் உங்களுக்குத் தெரியும்: ஒருமுறை சுட்டது, ஒரே துப்பாக்கியில் சுட்டது, மண்ணில் விழாதது. மடக்கித் திறக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியாக இருந்தால் கூடு கையிலேயே வந்துவிடும். செமி ஆட்டோ என்றால் அது தூக்கி எறியும், பக்கத்தில் ஒரு வலை மாட்டிக்கொள்ளலாம்.

ஒருமுறை சுட்ட கூடுகளை நூறு, ஆயிரம் என்று விற்பவர்களும் உண்டு. வாங்கினால் அதையும் முழுதாகச் சோதித்தபிறகே பயன்படுத்துங்கள். நான் ஒருமுறை "ஒரே ரகம், ஒருமுறை சுட்டது" என்று சொல்லி விற்ற மூட்டை ஒன்றை வாங்கி, பிரிக்காமல் அப்படியே நிரப்பத் தொடங்கினேன். பத்தாவது கூட்டிலேயே கிரிம்ப் உள்ளே குழிந்தது, பதினைந்தாவதில் மேலே புடைத்தது. மருந்து அளவு தவறோ என்று தராசை மூன்று முறை சரிபார்த்தேன். தராசில் தவறே இல்லை. மூட்டையில் மூன்று ரகம் கலந்திருந்தன. அதுவரை நிரப்பிய அத்தனையையும் வெட்டிப் பிரித்துப் போட்டேன்.

கிளப்பில் தரையில் கிடப்பதைப் பொறுக்கும் முன் கேட்டுவிடுங்கள். தரையில் விழுந்த கூடு கிளப்புக்குச் சொந்தம் என்று சில இடங்களில் விதி இருக்கிறது. போட்டி நடக்கும்போது குனிந்து பொறுக்கவே கூடாது. எவரிடமாவது நேராகக் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

படி 5: ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

வெளிச்சமுள்ள மேசை, இடதுபக்கம் குவியல், வலதுபக்கம் இரண்டு டப்பா. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சுட்ட கூட்டின் உள்ளே ஈயத் தூசு இருக்கும், எனவே சாப்பிட்டுக்கொண்டே இந்த வேலையைச் செய்யாதீர்கள். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் சாப்பாட்டு மேசையில் செய்யவே வேண்டாம்.

அடியிலிருந்து தொடங்குங்கள். பிரைமரில் ஊசி குத்திய பள்ளம் இருக்கிறதா? இல்லையென்றால் அது சுடாத பிரைமர், உயிருள்ளது. அதைப் பிரஸ்ஸில் வைத்துத் தட்டி வெளியே எடுக்க முயல வேண்டாம். தனியாக எடுத்துவைத்து, கிளப்பில் அனுபவமுள்ளவரிடம் ஒப்படையுங்கள். பிரைமரைச் சுற்றிக் கறுப்புப் புகை படிந்திருந்தால் அங்கே வாயு கசிந்திருக்கிறது, குழி தளர்ந்துவிட்டது. கழித்துவிடுங்கள்.

அடுத்தது விளிம்பு. துப்பாக்கியின் கொக்கி இழுத்து வளைத்திருக்கிறதா, கிழித்திருக்கிறதா என்று விரல் நகத்தால் ஒரு சுற்றுத் தடவுங்கள். அப்புறம் உலோகமும் பிளாஸ்டிக்கும் சேரும் கோடு. இந்தக் கோட்டைத்தான் புதியவர்கள் பார்க்காமல் விடுகிறார்கள். கூட்டை இரண்டு விரலால் லேசாக அழுத்திச் சுழற்றுங்கள். கோட்டுக்கு மேலே மயிரிழை விரிசல் இருந்தால் அழுத்தும்போது வாய் திறக்கும். அப்படிப்பட்ட கூட்டில் அடுத்த தடவை உலோகம் ஒரு பக்கமும் குழாய் ஒரு பக்கமுமாகப் பிரியலாம். குழாய்த் துண்டு குழலுக்குள் தங்கிவிட்டால் அதற்கடுத்த தோட்டா குழலை வெடிக்கவைக்கும்.

வாய்க்கு வாருங்கள். மடிப்பு ரேகைகளில் பிளவு, மடிப்பின் மூலையில் ஊசித்துளை, ஓரம் உருகியிருப்பது ஆகியவற்றைத் தேடுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை பளிச்சென்று தெரியும். சிறு துளை ஒன்று இருந்தால் குண்டு வெளியே சிந்தாது, ஆனால் கிரிம்ப் இறுக்கமாக நிற்காது. கிரிம்பின் இறுக்கம் மாறினால் மருந்து எரியும் விதமும் மாறும். நான் சந்தேகத்தில் இருக்கும் கூட்டையெல்லாம் கழித்த டப்பாவில்தான் போடுகிறேன். ஒரு கூட்டுக்காக யோசித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் பத்து நல்ல கூடு பார்த்துவிடலாம்.

கடைசியாக மறுபடி உள்ளே டார்ச். உள்ளே மண், கல், குளவிக் கூடு, வேறு சின்ன கேஜ் கூடு எல்லாம் கிடைக்கும். ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்ட கூடுகளை நானே பலமுறை எடுத்திருக்கிறேன். 410 கூடு 12க்குள் போனால் வெளியே ஒன்றும் தெரியாது. நேர்சுவர்க் கூடாகவோ புது ஏஏவாகவோ இருந்தால் அடைப்பு சாய்ந்திருக்கிறதா, மேலே எழும்பியிருக்கிறதா என்று மரக்குச்சியை விட்டு உறுதிசெய்யுங்கள். கழன்ற அடைப்பு ஈயத்தோடு கிளம்பிப் பாதிவழியில் குழலுக்குள் நின்றுவிட்டால் அடுத்த குண்டுக்கு அதுதான் சுவர்.

பிரைமர் குழி பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? ஷாட்கன் பிரைமர் எல்லாமே 209 அளவு என்றுதான் பெயர். ஆனால் செடைட், ஃபியோக்கி போன்ற ஐரோப்பியப் பிரைமர்கள் வின்செஸ்டர் பிரைமரைவிட ஒரு மயிரிழை பருமன். அந்தக் கூடுகளின் குழியும் அதற்கேற்ற அகலம். அதில் வின்செஸ்டர் பிரைமரைப் போட்டால் தொளதொளவென்று உட்காரும், சில சமயம் தட்டினாலே கழன்று விழும். அதேபோல் ஏஏ கூட்டில் ஒருமுறை ஐரோப்பியப் பிரைமரை அழுத்திவிட்டால் குழி விரிந்துவிடும், பிறகு பழைய பிரைமர் இறுக்கமாக நிற்காது. ஒரு ரகக் கூட்டுக்கு எப்போதும் ஒரே ரகப் பிரைமர் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே வராது.

அழுக்கான கூட்டைக் கழுவலாமா என்றால், பிளாஸ்டிக் கூட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, வலைப்பையில் போட்டு நிழலில் முழுதாகக் காயவைக்கலாம். அடுப்பு, ஓவன் சூடு வேண்டாம். சமையலறைப் பாத்திரமும் வேண்டாம், ஈயத் தூசு இருக்கிறது. காகித அடைப்பு உள்ள கூட்டையும் காகிதக் கூட்டையும் தண்ணீரில் போடவே கூடாது. மண்ணில் கிடந்தது அதிகம் என்றால் கழுவுவதைவிடக் கழிப்பதே மேல்.

படி 6: கணக்கு வைத்தல், முதல் இருபத்தைந்து

தேறிய கூடுகளை 25ஆகப் பெட்டியில் அடுக்குங்கள். பெட்டியின்மேல் ரகம், எத்தனையாவது சுற்று என்று எழுதுங்கள். நான் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் கூட்டின் அடியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பேன். ஒரு பெட்டியில் நாலு கூட்டின் வாய் பிளந்துவிட்டால், மிச்சம் இருபத்தொன்றும் அதே வயதுதான். முழுப்பெட்டியையும் ஓய்வுக்கு அனுப்பிவிடுவேன். என் துப்பாக்கியில் எஸ்டிஎஸ் எட்டு தடவை தாராளமாக வருகிறது. செடைட்டில் நாலாவது தடவையே வாய் தளர்கிறது. உங்கள் மருந்தும் பிரஸ்ஸும் வேறு என்றால் எண்ணிக்கையும் வேறாக இருக்கும், எனவே எண்ணை நம்பாமல் கூட்டைப் பாருங்கள்.

முதலில் 25 மட்டும் நிரப்புங்கள். கிரிம்பைப் பாருங்கள். நடுவில் ஓட்டை இல்லாமல், தட்டையாக, ஓரத்தைவிட லேசாகக் கீழே இறங்கி இருந்தால் கூடும் வாட்டும் மருந்தும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கின்றன. குழிந்தாலோ புடைத்தாலோ மெஷினைத் திருகத் தொடங்கும் முன் கூடு சரியான ரகமா என்று பாருங்கள். தோட்டா சேம்பருக்குள் போகுமா என்று வீட்டில் துப்பாக்கியில் போட்டுப் பார்க்காதீர்கள். அதற்கென்று சேம்பர் அளவு வளையம் விற்கிறார்கள், அதில் போட்டுப் பாருங்கள்.

களத்தில் சுடும்போது ஏதாவது ஒரு தோட்டா வழக்கமான சத்தம் இல்லாமல் "புஸ்" என்று போனால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த தட்டு பறந்துகொண்டிருந்தாலும் சரி, வரிசையில் நாலு பேர் காத்திருந்தாலும் சரி. துப்பாக்கியைத் திறந்து, தோட்டா எதுவும் இல்லை என்று உறுதிசெய்து, குழலுக்குள் வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பாருங்கள். வாட்டோ அடைப்போ உள்ளே நிற்கலாம். பின்பக்கமாக எட்டிப் பார்க்க முடியாத துப்பாக்கி என்றால் குழலைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் கிளப்பில் இதற்காகவே ஒரு நீளக் கம்பி சுவரில் மாட்டியிருக்கிறது.

கழித்த கூடுகளை அப்படியே குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். போன சனிக்கிழமை அந்தத் தம்பியின் பையில் இருந்தவற்றில் பாதி, எவரோ நல்ல காரணத்தோடு கழித்துப் போட்டவை. சில கூடுகளின் அடியில் ஐந்தாறு மார்க்கர்ப் புள்ளிகளே இருந்தன, அவர் அவற்றின் அர்த்தம் தெரியாமல் எடுத்திருக்கிறார். கழிக்கும் ஒவ்வொரு கூட்டின் வாயையும் கத்தரியால் ஒரு அங்குலம் வெட்டிவிட்டுப் போடுங்கள். நூறு கூட்டை வெட்ட எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை.